கொழுப்பும் குழம்பு மீனும்

நாள் சொல்லும் பொண்ணு என்று எங்கள் தெருவில் எனக்குப் பட்டம் கட்டியிருந்தார்கள். யார் வீட்டிலாவது பெரிய வியாதி என்றால் போதும். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி ராயபுரம் மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் ஒருத்தர் வழிமறித்துவிடுவார். "இன்னாம்மா, எங்க நைனாவுக்கு எவ்ளோ நாளு கீதுன்னு உங்க மெஷின்ல பாத்து சொல்லேன்." அப்படி ஒரு மெஷின் கிடையாது, நான் டாக்டரும் கிடையாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆர்டரா?" என்று கண்ணடித்துவிட்டுப் போவார்கள். இந்த ஜனங்களிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நான் பார்த்த வேலை என்ன என்பதை இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். நுரையீரல் புற்றுநோய் என்று வருகிறவர்களிடமிருந்து நோயை உறுதி செய்ய ஒரு சின்னச் சதைத் துணுக்கை எடுப்பார்கள். அதில் மிஞ்சியது, நோயாளி சம்மதித்தால், எங்களிடம் வரும். கொழுப்பு சம்பந்தப்பட்ட மரபணுக்கள் அந்தத் துணுக்கில் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று பார்ப்போம். புற்றுச் செல் வேகவேகமாகப் பெருகக் கொழுப்பு வேண்டும். சில கட்டிகள் அதைத் தாங்களே செய்துகொள்ளும். சில கட்டிகள் இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். எந்த மரபணு மும்முரமாக இருந்தவர்கள் அதிக காலம் பிழைத்தார்கள், எது மும்முரமாக இருந்தவர்கள் சீக்கிரம் போனார்கள் என்று கணக்குப் போட்டால், இனி வருகிற நோயாளிகளைப் பற்றி முன்கூட்டி ஏதாவது சொல்ல முடியுமா? இதுதான் கேள்வி. வெறும் கேள்வி. பதில் வரவில்லை. வந்தாலும் அது ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுமே தவிர, தனி ஆளைப் பற்றிப் பேசாது. நோயாளி என்ன சாப்பிட வேண்டும் என்பது அந்தக் கேள்வியில் எந்த மூலையிலும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது.

அப்படியிருக்க, அந்த வியாதி என் மாமாவுக்கே வந்தது. மாமா என்றால் என் அத்தையின் புருஷன். காசிமேட்டில் ஒரு லாஞ்சில், அதாவது மீன்பிடி விசைப்படகில், டிரைவர். எஞ்சின் புகையும் பீடிப் புகையும் சேர்ந்து இருமல் வருகிறது என்றுதான் வெகுநாள் எல்லோரும் நினைத்தோம். சளியில் இரத்தம் வந்த பிறகு என் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனேன். துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். அதுதான் என்று ஆகிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் நன்றாக இருக்கலாம் என்றார்கள். மருந்து ஏற்றத் தேதியும் கொடுத்தார்கள்.

அன்றைக்கே எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு டாக்டரம்மா, மிச்சத் துணுக்கை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று மாமாவிடம் கேட்டார். நல்ல மனுஷி. அவசரப்படாமல், தமிழிலேயே விளக்கினார். "கட்டி வளர்றதுக்குக் கொழுப்பு தேவைப்படுது. அதை அது எப்படி எடுத்துக்குதுன்னு நாங்க பார்க்கறோம். இது ஆராய்ச்சி மட்டும்தான். இதனால உங்க வைத்தியத்துல ஒரு மாத்தமும் இருக்காது."

"எடுத்துக்கோம்மா. நா அத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போறேன்" என்று மாமா கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார். அத்தை பெண்ணைக் கட்டியவர். எனக்கு அண்ணன் முறை. விம்கோ நகர் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. கடலையே நம்பிய அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவர்தான். அத்தை வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் வந்து உட்கார்ந்தால் டேபிள் ஃபேன் அவர் பக்கம் திரும்பும், டீவியில் அவர் கேட்ட சேனல் ஓடும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாமாவை ஆட்டோவில் ஏற்றி இறக்கியது, வரிசையில் நின்றது, இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு அலைந்தது எல்லாம் அவர்தான். ஆனால் டாக்டரம்மா சொன்னதில் முதல் வரி மட்டும்தான் அவர் காதில் ஏறியிருந்தது.

இங்கே குழம்பு மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாஞ்சு கரைக்கு வந்ததும், மீன் ஏலத்துக்குப் போவதற்கு முன்னால், அதில் போன ஒவ்வொரு ஆளுக்கும் வீட்டுக் குழம்புக்கென்று கொஞ்சம் மீன் ஒதுக்குவார்கள். அது கூலியில் சேராது. அந்த லாஞ்சு ஆள் என்கிற உரிமை. உடம்பு முடியாமல் ஒருத்தர் கடலுக்குப் போகவில்லை என்றாலும் அவர் பங்கு வீட்டுக்கு வந்துவிடும். அவர் இனி வரப்போவதில்லை, அவர் இடத்துக்கு நிரந்தரமாக வேறு ஆள் ஏறியாயிற்று என்றால் மீன் நின்றுவிடும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மீன் வரவில்லை என்றால் வீட்டுக்காரர்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மாமாவின் பங்கை அவருடைய தோஸ்து ஒருத்தர் கொண்டுவந்து கொடுப்பார். அதே லாஞ்சில் வலை இழுப்பவர். பிளாஸ்டிக் பையில் நான்கு கானாங்கெளுத்தியோ சங்கராவோ இருக்கும். கொடுத்துவிட்டு மாமாவோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்து, கடல் கதை பேசிவிட்டுப் போவார்.

எங்கள் ஆய்வகத்தில் அப்போது வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகள் நான் அத்தை வீட்டுப் பக்கமே போகவில்லை. அப்புறம் போனபோது மாமாவைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டேன். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு இருந்தார். மருந்து ஏற்றும் தேதி வந்து போய்விட்டிருந்தது. வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டாராம். "ஊசின்னா பயம் போல கீது" என்றாள் அத்தை. புயலில் லாஞ்சு ஓட்டிக் கரை சேர்த்தவருக்கு ஊசி பயமா? அதை அத்தையும் நம்பவில்லை என்று அவள் முகமே சொன்னது.

அத்தை சமையலறைக்குப் போனதும் மாமா என்னைக் கிட்டே கூப்பிட்டார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"என்ன லாஞ்சுலேர்ந்து எடுத்துட்டாங்கம்மா."

"யார் மாமா சொன்னது?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. மீனு நின்னுபோச்சி. லாஞ்சு வந்து வந்து போய்கினுதான் கீது. என் பங்குக்கு ஒரு கானாங்கத்த கூட வரல. என் தோஸ்தும் வரல. வந்தா எம்மூஞ்சியப் பாக்கணுமேன்னு வரல."

 அவரே தொடர்ந்தார். "உங்க ஆஸ்பத்திரில சதைய எடுத்துகினு போயி பாத்தீங்க இல்ல? தேதி தெரிஞ்சிட்ச்சி. உங்க அத்தைக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும், லாஞ்சு ஓனருக்குச் சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்கு மட்டும் சொல்லல. கஞ்சியும் சொரக்காயும் போட்டு கம்முனு படுக்க வெச்சிகீறாங்க. அப்பால அந்த மருந்து இன்னாத்துக்கு? உங்களுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு."

 எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் அரிசிக் கஞ்சி. பக்கத்தில் எண்ணெய் காட்டாமல் வேகவைத்த சுரைக்காய். ஆடை எடுத்த பால். மீன் வாடையே இல்லாத அத்தை வீட்டை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

"மீன் எங்க அத்தை?"

"உனக்குத் தெரியாதா? உங்க ஆஸ்பத்திரிலதானே சொன்னாங்க" என்றாள் அத்தை. "கட்டி கொழுப்பத்தான் துன்னுதாம். மீனு, முட்டை, எண்ண எதுவும் ஆவாதாம். மாப்பிள்ளை எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. கட்டி பட்டினில செத்துப்போவும்னாரு."

"லாஞ்சுலேர்ந்து மீன் வரலையாமே?"

"அவரு தோஸ்து கொண்டாந்தாரு. மாப்பிள்ளை வாசல்லயே, இனிமே கொண்டாராதீங்க, டாக்டர் சொல்ட்டாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாரு. மாமா அப்ப தூங்கிகினு இருந்தாரு. கேட்டா ஆசைப்படுவாருன்னு நாங்களும் சொல்லல."

தலையில் அடித்துக்கொண்டேன். மீனைத் திருப்பி அனுப்பியதும் அந்த மனுஷர் வெறுங்கையோடு நோயாளி வீட்டுக்கு எப்படிப் போவது என்று வருவதையே விட்டுவிட்டிருக்கிறார். மீன் வராததைப் பார்த்து மாமா தன் சாவுக்குத் தேதி குறித்தாயிற்று என்று முடிவு கட்டிவிட்டார். அந்த முடிவினால் மருந்தும் வேண்டாம் என்று படுத்துவிட்டார். ஒரு வரியை அரைகுறையாகக் கேட்டதற்கு இவ்வளவு கூத்து.

மாப்பிள்ளை வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். அவர் அசரவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பிரிண்ட் அவுட்டை எடுத்து நீட்டினார். பிரவுசிங் சென்டரில் எடுத்ததாம்.

"நீயே படி. இங்கிலீஷ்லயே போட்டுகீது. கொழுப்ப கட் பண்ணா கேன்சர் செல்லு வளரல."

வாங்கிப் படித்தேன். ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் கொழுப்பு செய்யும் மரபணுவை அடக்கிப் பார்த்ததைப் பற்றிய குறிப்பு. அதில் மனிதரும் இல்லை, மீனும் இல்லை.

"அண்ணே, இது ஆய்வகத்துல வளர்த்த செல்லு. இதுக்கும் மாமா சாப்பிடறதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க மீன நிறுத்தினா கட்டி பட்டினி கெடக்காது. மாமாதான் பட்டினி கெடப்பாரு. கட்டி அவரு உடம்புலேர்ந்தே எடுத்துக்கும்."

"உங்க டாக்டரம்மா ஒண்ணு சொல்றாங்க, நீ ஒண்ணு சொல்ற."

"டாக்டரம்மா சாப்பாட்டப் பத்தி ஒரு வார்த்த பேசல."

"கொழுப்புன்னாங்களா இல்லியா? நா என் காதால கேட்டேன்."

சுவரோடு பேசினால் அதுவாவது எதிரொலிக்கும். அத்தை பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தை குறுக்கே வந்து, "மாப்பிள்ளைய எதுத்து பேசாத. நல்லதுக்குத்தானே சொல்றாரு" என்றாள். டேபிள் ஃபேன் அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போகாமல் காசிமேட்டுக்குப் போனேன். ஐஸ் தண்ணியும் மீன் தண்ணியும் சேர்ந்து புடவையை நனைத்தன. ஏலச் சத்தத்தில் நான் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. விசாரித்து விசாரித்து மாமாவின் தோஸ்தைக் கண்டுபிடித்தேன். வலையை உதறிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் வலையைக் கீழே போட்டுவிட்டார்.

"நம்ம மீனு அவருக்கு வெஷம்னாரும்மா அந்த மாப்பிள்ளை. டாக்டரே சொல்ட்டாங்கன்னாரு. நா மீறிக் குடுத்து அவருக்கு எதுனா ஆயிட்ச்சின்னா? அதான் ஒதுங்கிகினேன்." ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "லாஞ்சுலேர்ந்து எடுத்துட்டோம்னா நெனச்சிகினு கீறாரு?"

"அப்படித்தான் நெனச்சிக்கிட்டு மருந்தும் வேணாம்னு படுத்துட்டாரு. நீங்க ஒரு தபா வாங்க."

அவர் அப்போதே வந்தார். கையில் சங்கராவும் ஒரு சின்ன வஞ்சிரமும். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. மாமாவின் கட்டிலில் உட்கார்ந்து பையைத் திறந்து காட்டினார்.

"வேற டிரைவர் ஓட்டிகினு கீறான், இல்லன்னு சொல்லல. எஞ்சின் தானா ஓடுமா? ஆனா உம் பங்கு உம் பங்குதான். இன்னிக்கும் எடுத்து வெச்சேன். உங்க மாப்பிள்ளைதான் அன்னிக்கு வேணாம்னு அனுப்பிட்டாரு."

மாமா என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளையா நிறுத்துனாரு?"

"ஆமா மாமா. கொழுப்பு ஆகாதுன்னு அவரா நெனச்சிக்கிட்டாரு. ஒரு தேதியும் இல்ல. எங்க ஆய்வகத்துல தேதி சொல்ற ஆளே இல்ல."

அவர் அழுதார். சத்தம் இல்லாமல், துண்டை வாயில் வைத்துக்கொண்டு. தோஸ்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அத்தை கதவோரம் நின்று பார்த்துவிட்டு, அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு மீன் கழுவப் போனாள். மாப்பிள்ளையைக் கேட்காமல் அந்த வீட்டில் அவள் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வாரமே மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாப்பிள்ளையும் வந்தார். மருந்து ஏற்றுகிற பிரிவின் டாக்டர் எடை பார்த்துவிட்டு ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன தடவை இருந்த எடை எங்கே போயிற்று என்று கேட்டார். இந்த உடம்புக்கு இப்போது மருந்து ஏற்றினால் தாங்காது, முதலில் தேற வேண்டும், மீன், முட்டை, எண்ணெய், எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்றார்.

"கொழுப்பு ஆவாதுன்னு உங்க டாக்டரம்மாதானே சார் சொன்னாங்க?" என்றார் மாப்பிள்ளை.

"யார் சொன்னது?" என்றார் டாக்டர். அவர் குரலில் அன்றைக்குக் கேட்ட சலிப்பு எனக்கு அப்படியே பரிச்சயமானது.  திரும்பி வருகிற வழியெல்லாம் மாப்பிள்ளை ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் விட்டேனா? நான் சொன்னதைத்தானே டாக்டரும் சொன்னார், இப்போது கேட்டதா என்று ஒரு பாட்டம் பாடித் தீர்த்தேன்.

அப்புறம் தேற்றுகிற வேலை. சொல்வது சுலபம். சுருங்கிப் போன வயிற்றில் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அத்தை முள் எடுத்து எடுத்து ஊட்டுவாள். அவர் போதும் என்று கையைத் தள்ளுவார். இன்னும் ஒரு வாய் என்று அவள் கெஞ்சுவாள். லாஞ்சு வருகிறபோதெல்லாம் தோஸ்து வந்தார். அவர் எதிரில் மட்டும் மாமா கொஞ்சம் கூடச் சாப்பிடுவார்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபடியே மாமா கேட்டார். "நெசமா சொல்லு. என் சதைய வெச்சிகினு கீறீங்களே, அது எவ்ளோ நாளுன்னு சொல்லவே சொல்லாதா?"

"சொல்லாது மாமா. நூறு லாஞ்சு போனா எத்தினி பத்திரமா திரும்பும்னு ஒரு கணக்கு சொல்லலாம். உங்க லாஞ்சு திரும்புமான்னு அதுல சொல்ல முடியாது."

"அப்ப இன்னாத்துக்கு இத்தினி பேரு குந்திகினு பாக்குறீங்க?"

"பின்னாடி வர்றவங்களுக்கு எந்த மருந்து யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியறதுக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லியா அப்ப" என்று சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கடைசியில் மருந்து ஏற்றினார்கள், முதலில் சொன்ன தேதிக்கு வெகுநாள் கழித்து. இருமல் குறைந்தது. ஒரு சாயங்காலம் தோஸ்தின் தோளைப் பிடித்துக்கொண்டு துறைமுகம் வரை போய், தன் லாஞ்சைப் பார்த்துவிட்டு வந்தார். நாங்கள் எல்லோரும் தப்பித்தார் என்றே நினைத்தோம். அதற்குப் பிறகு கட்டி மறுபடி வளர்ந்தது. மறுபடி மருந்து ஏற்ற உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில், லாஞ்சுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது போய்ச் சேர்ந்தார். ஆட்கள் அத்தனை பேரும் கரையில் இருந்ததால் தெரு கொள்ளாத கூட்டம். எல்லோரும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள்.

எங்கள் ஆராய்ச்சி அப்போதும் முடியவில்லை. நான் அந்த வேலையை விட்டபோதும் முடிந்திருக்கவில்லை. துணுக்குகள் போதவில்லை, இன்னும் வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வருகிற ஆளே இல்லை. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஆள் இளைத்திருந்தார். மறுபடி எதையோ படித்துவிட்டு வந்து என் உயிரை எடுக்கப் போகிறார் என்று நினைத்து, நான் வாசலிலேயே இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"உன்ன ஒண்ணு கேக்கணும்" என்றார். "நா அந்த மீன நிறுத்தாம இருந்திருந்தா, டயத்துக்கு மருந்து ஏத்தியிருப்பாங்க இல்ல?"

"ஏத்தியிருப்பாங்க."

"அப்ப மாமா இப்ப இருந்திருப்பாரா?"

"தெரியாதுண்ணே."

"அவரு ஜீனு உங்ககிட்டதானே கீது. அத்த வெச்சி பாத்து சொல்லு. நா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அது தனி ஆளுக்குச் சொல்லாதுண்ணே. எத்தனையோ தடவ சொல்லிட்டேன்."

இந்தத் தடவை அவர் மறுத்துப் பேசவில்லை.

"சரி. அப்ப, எப்படியும் போயிருப்பாருன்னும் அதால சொல்ல முடியாது. அப்படித்தானே?"

இல்லை, எப்படியும் போயிருப்பார் என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொன்னால் நம்பியிருப்பார். அவர் வாழ்நாளில் நான் சொன்னதை நம்பத் தயாராக வந்து நின்றது அன்றைக்குத்தான். இவ்வளவு நாள் கத்தின கோபத்தில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன், இருந்திருந்தால் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

"முடியாதுண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். வண்டியைக் கிளப்பாமல், தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனார்.